எட்டரை அடி அகல டிரெய்லருக்கு எந்தப் பக்கக் கண்ணாடி? மூன்று வகைகளைப் பூட்டி ஓட்டிப் பார்த்த அனுபவம்

டல்லாஸ் நகரை ஒட்டி வசிக்கும் நாங்கள், குழந்தைகளோடு விடுமுறைகளில் தங்குவதற்காக, 102 அங்குல அகலமுள்ள டிராவல் டிரெய்லர் ஒன்றை வாங்கினோம். அதை இழுப்பது எங்கள் 2018ஆம் ஆண்டு ஃபோர்டு எஃப்-150 பிக்கப் வண்டி. இழுக்கும் எடை, டிரெய்லரை வண்டியோடு இணைக்கும் ஹிட்சின் தாங்குதிறன், பிரேக் கருவி, டயரின் காற்றழுத்தம் என்று எல்லாவற்றையும் வாரக்கணக்கில் படித்துத் தெரிந்துகொண்ட நான், பக்கக் கண்ணாடியைப் பற்றி ஒரு மணி நேரம்கூட யோசிக்கவில்லை. டிரெய்லரைப் பூட்டி விற்பனையாளரின் வளாகத்தை விட்டு வெளியே வந்த முதல் திருப்பத்திலேயே அந்தக் குறை தெரிந்துவிட்டது: இரண்டு கண்ணாடிகளிலும் எனக்குத் தெரிந்தது டிரெய்லரின் வெள்ளைச் சுவர் மட்டுமே. அன்றிலிருந்து மூன்று வகைக் கண்ணாடிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பூட்டி, ஆயிரக்கணக்கான மைல் ஓட்டிப் பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன்.

எதை வாங்குவது என்பதற்கு முன்னால், எவ்வளவு தூரம் வெளியே நிற்கும் கண்ணாடி வேண்டும் என்பதைக் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். இந்தக் கணக்கைப் போடாமல் வாங்குவோர் பெரும்பாலும் கண்ணாடியின் பரப்பைப் பார்த்து ஏமாந்துபோகிறார்கள். அமெரிக்காவில் பெருஞ்சாலைகளில் செல்லும் வாகனங்களுக்கான அகல வரம்பு 102 அங்குலம், அதாவது எட்டரை அடி. பெரிய டிராவல் டிரெய்லர்கள், கார் ஏற்றும் டிரெய்லர்கள், மூடிய சரக்கு டிரெய்லர்கள் ஆகியவற்றில் பல இந்த வரம்பைத் தொட்டுக்கொண்டே கட்டப்படுகின்றன. மற்றவை பல 96 அங்குலம், அதாவது எட்டடி. எஃப்-150 வண்டியின் உடல் அகலமோ ஏறத்தாழ 80 அங்குலம்தான். எனவே வண்டியின் நடுக்கோட்டிலிருந்து அளந்தால், வண்டியின் பக்கவாட்டு 40 அங்குலத்திலும், எட்டடி டிரெய்லரின் சுவர் 48 அங்குலத்திலும், எங்கள் டிரெய்லரின் சுவர் 51 அங்குலத்திலும் நிற்கின்றன. என் வண்டியோடு வந்த சாதாரணக் கண்ணாடியின் வெளி விளிம்பை அளந்து பார்த்தேன். அது நடுக்கோட்டிலிருந்து சுமார் 48 அங்குலம். கண்ணாடியின் கடைசி விளிம்புகூட டிரெய்லர் சுவருக்கு 3 அங்குலம் உள்ளேதான் நிற்கிறது.

மூன்று அங்குலம்தானே என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் பார்வைக் கோடு சாய்ந்து செல்லும்போது அந்த மூன்று அங்குலம் தொலைவுக்கேற்பப் பெருகும். கண்ணாடியிலிருந்து டிரெய்லரின் முன் மூலை ஏறத்தாழ 16 அடி பின்னால் இருக்கிறது. கண்ணாடியின் வெளி விளிம்பிலிருந்து புறப்படும் பார்வைக் கோடு அந்த மூலையை உரசிக்கொண்டு வெளிப்பக்கமாக விரிந்து போகிறது. 16 அடிக்கு 3 அங்குலம் விலகும் கோடு, அந்த மூலைக்கு 200 அடி பின்னால் சுவரிலிருந்து மூன்று அடிக்கு மேல் விலகிவிடுகிறது. இந்த ஆப்பு வடிவப் பகுதிக்குள் இருக்கும் எதுவும் கண்ணாடியில் விழாது. டிரெய்லரை ஒட்டிப் பின்தொடரும் ஒரு மோட்டார் சைக்கிள், முந்துவதற்காகச் சற்றே எட்டிப் பார்க்கும் ஒரு கார், நம் டிரெய்லரின் சக்கரத்துக்கும் சாலையின் வெள்ளைக் கோட்டுக்கும் உள்ள இடைவெளி ஆகிய மூன்றும் இழுத்துச் செல்பவர் இடைவிடாமல் கவனித்துக்கொண்டிருக்க வேண்டியவை, மறைந்துபோவதும் அவைதான். அதுவும் இந்தக் கணக்கு கண்ணாடியின் வெளி விளிம்புக்கு மட்டுமே பொருந்தும். உள்ளே தள்ளிப் போகப் போக மறைவு இன்னும் கூடும்.

டெக்சஸ் போக்குவரத்துச் சட்டத்தின் 547.602ஆம் பிரிவு, வேறொரு வாகனத்தை இழுக்கும் வண்டிகளையும் சேர்த்து எல்லா மோட்டார் வாகனங்களிலும், பின்னால் குறைந்தது 200 அடி தூரச் சாலையை ஓட்டுநருக்குக் காட்டும் கண்ணாடி இருக்க வேண்டும் என்கிறது. டிரெய்லர் பூட்டியபின் உட்கண்ணாடியில் டிரெய்லரின் முன்சுவர்தான் தெரியும் என்பதால், அந்த 200 அடியைக் காட்ட வேண்டிய பொறுப்பு முழுவதும் பக்கக் கண்ணாடிகளின் மேல் விழுகிறது. ஆகவே நான் எனக்கு வகுத்துக்கொண்ட விதி இது: கண்ணாடியின் வெளி விளிம்பு, டிரெய்லரின் மிக அகலமான இடத்தைவிடக் குறைந்தது இரண்டு மூன்று அங்குலமாவது வெளியே நிற்க வேண்டும். மிக அகலமான இடம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. டிரெய்லரின் சுவரை மட்டும் அளந்தால் போதாது. ஆனிங் எனப்படும் மடக்குக் கூரையின் கைகளும், ஏறும்போது பற்றிக்கொள்ளும் பெரிய கைப்பிடியும் சுவரைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும். எங்கள் டிரெய்லரில் வலப்பக்கம் முழுவதும் இவைதான். விற்பனைத் தாளில் அச்சிட்டிருக்கும் அகலத்தை நம்பாமல், அளவு நாடாவை நீங்களே பிடித்துப் பார்ப்பது நல்லது.

நான் முதலில் வாங்கியது எந்த வண்டிக்கும் பொருந்தும் என்று விற்கப்படும் பட்டைக் கண்ணாடி. ஏற்கெனவே உள்ள கண்ணாடிக் கூட்டின் மேல் ரப்பர் பாதங்களை வைத்து, பட்டைகளால் இறுக்கிக் கட்டி, ஒரு கம்பியின் நுனியில் இன்னொரு கண்ணாடியை நிறுத்தும் அமைப்பு அது. இரண்டும் சேர்ந்து 40 டாலருக்குள் முடிந்துவிட்டது. வீட்டு வாசலில் கட்டிப் பார்த்தபோது வெளி விளிம்பு டிரெய்லரைத் தாண்டி நன்றாகவே நின்றது. சிக்கல் சாலையில் ஏறியபின் தொடங்கியது. மணிக்கு 50 மைலைத் தாண்டியதும் கண்ணாடி நடுங்கத் தொடங்கியது. 60 மைலில், பின்னால் வரும் காரின் இரு முன்விளக்குகள் நான்காகத் தெரிந்தன. அபிலீன் நகரைத் தாண்டி இன்டர்ஸ்டேட் 20இல் மேற்கே போய்க்கொண்டிருந்தபோது, ஒரு பெரிய சரக்கு லாரி எங்களைக் கடந்து சென்ற காற்றடியில் இடப்பக்கக் கண்ணாடி முழுவதுமாக உள்ளே திரும்பி, என் முகத்தையே எனக்குக் காட்டியது. அடுத்த ஓய்விடம் வரும்வரை தடம் மாறாமல், வேகத்தைக் குறைத்து, நெஞ்சு படபடக்க ஓட்டிச் சென்றதை நான் மறக்க மாட்டேன். மேற்கு டெக்சஸில் அந்தச் சாலையின் வேக வரம்பு 80 மைல் வரை போகும். 65இல் போகும் டிரெய்லரை லாரிகள் ஓயாமல் கடந்துகொண்டே இருக்கும். ஆகவே அந்தக் காற்றடியை எப்போதோ நேரும் விபத்தாக எண்ணாமல், சில நிமிடங்களுக்கு ஒருமுறை வரும் ஒன்றாகவே கணக்கில் கொள்ள வேண்டும்.

பட்டை வகையை ஒரேயடியாக ஒதுக்கச் சொல்லவில்லை. பிரிட்டனில் கேரவன் இழுப்போரிடையே நன்கு அறியப்பட்ட மைலென்கோ நிறுவனத்தின் கண்ணாடிகள் பட்டைக்குப் பதிலாக ரப்பர் பதித்த தாடைகளால் கூட்டைக் கவ்வி, திருகால் இறுகுபவை. நண்பர் ஒருவரின் வண்டியில் அவற்றைப் பார்த்தேன், பிடிப்பு உறுதியாகவே இருந்தது. ஆனால் பிக்கப் வண்டிகளின் கண்ணாடிக் கூடு உயரமாகவும் வளைவாகவும் இருப்பதால், எந்தக் கவ்வியும் உங்கள் கூட்டில் சரியாக உட்காருகிறதா என்பதை வாங்குவதற்கு முன் கையில் வைத்தே பார்த்தாக வேண்டும். ஒருநாள் வாடகை டிரெய்லரை ஊருக்குள் இழுக்க இந்த வகை போதும். மலைப்பாதைக்கும் நெடுஞ்சாலைக்கும் நான் இதைக் கொண்டு போக மாட்டேன்.

இரண்டாவதாக வாங்கியது, குறிப்பிட்ட வண்டி மாதிரிக்கென்றே வார்க்கப்பட்டு, இருக்கும் கூட்டின் மேல் உறைபோல நழுவி உட்காரும் வகை. சிபா, கே-சோர்ஸ், லாங்வியூ ஆகிய பெயர்களில் இவை கிடைக்கின்றன. முதல் வகைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரியது. கம்பியும் மூட்டும் இல்லாமல், கூட்டின் வடிவத்தையே தழுவிக்கொள்வதால் அசைவு வெகுவாகக் குறைகிறது. என் அளவில் வெளி விளிம்பு நடுக்கோட்டிலிருந்து 53 அங்குலத்துக்கு வந்தது. எங்கள் 51 அங்குலச் சுவருக்கு அது இரண்டு அங்குலம் கூடுதல், எட்டடி டிரெய்லராக இருந்திருந்தால் ஐந்து அங்குலம் கூடுதல். பூட்டுவதற்கு இரண்டு நிமிடம், கழற்றுவதற்கு ஒரு நிமிடம். டிரெய்லர் இல்லாத நாள்களில் கழற்றி இருக்கைக்குப் பின்னால் வைத்துவிடலாம் என்பது நகரத்துக்குள் ஓட்டுபவருக்குப் பெரும் வசதி.

இதற்கும் குறைகள் உண்டு, அவை பயன்படுத்தும்போதுதான் தெரிகின்றன. நீட்டிய பகுதியின் கண்ணாடியை உள்ளிருந்து பொத்தானால் திருப்ப முடியாது. இறங்கிச் சென்று கையால் திருப்ப வேண்டும். ஓட்டுநர் பக்கத்தைச் சன்னல் வழியே எட்டித் தொட்டுவிடலாம். வலப்பக்கத்துக்கோ ஒருவர் வெளியே நின்று திருப்ப, இன்னொருவர் உள்ளேயிருந்து சொல்ல வேண்டும். நானும் என் மனைவியும் மாறி மாறி ஓட்டுவோம். எங்கள் இருவருக்கும் உயரத்தில் அரையடிக்கு மேல் வேறுபாடு. ஒவ்வொரு முறை ஓட்டுநர் மாறும்போதும் இந்தச் சடங்கை நடத்த வேண்டியிருந்தது. பனிக்காலக் காலையில் பாலோ டூரோ பள்ளத்தாக்கின் முகாமில், வண்டியின் சொந்தக் கண்ணாடி வெப்பக் கம்பியால் சில நிமிடங்களில் தெளிந்துவிட, இந்த நீட்டிப்பில் உறைபனி அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நழுவல் வகையில் சில, வண்டியின் சொந்தக் கண்ணாடியின் ஒரு பகுதியையும், கண்ணில் படாத பக்கத்தில் வேறு வண்டி வந்தால் ஓரத்தில் ஒளிரும் மறைவிட எச்சரிக்கை விளக்கையும் மூடிவிடும் வடிவில் வருகின்றன. படத்தைப் பார்க்கும்போது அதைக் கவனியுங்கள். இவ்வளவு இருந்தும், ஆண்டுக்கு நான்கைந்து முறை மட்டும் எட்டடி டிரெய்லரை இழுக்கும் ஒருவர் என்னிடம் கேட்டால், தயங்காமல் இந்த வகையையே வாங்கச் சொல்வேன். 90 டாலர் அளவில் கிடைக்கும் இந்தப் பயனுக்கு ஈடாக வேறொன்றை நான் காணவில்லை.

இப்போது எங்கள் வண்டியில் இருப்பது மூன்றாவது வகை: பழைய கண்ணாடியை முழுவதும் கழற்றிவிட்டு, அதே வண்டிக்கு ஃபோர்டு நிறுவனமே தரும் டோயிங் கண்ணாடியை, அதாவது டிரெய்லர் இழுப்பதற்கென்றே செய்த கண்ணாடியை, பொருத்துவது. இந்த மாதிரி வண்டிக்குத் தொழிற்சாலையிலிருந்தே கூடுதல் விலைக்கு வந்த ஒரு தேர்வுதான் இது. வண்டியை வாங்கும்போது அதைத் தேர்ந்தெடுத்திருந்தால் இந்த அலைச்சலே இருந்திருக்காது. டிரெய்லர் வாங்கும் எண்ணம் துளியேனும் இருப்பவர்கள் இதை மனத்தில் கொள்ளுங்கள். இக்கண்ணாடி இரட்டைக் கைகளின் மேல் நிற்கிறது. கையால் பிடித்து இழுத்தால் ஏறத்தாழ மூன்று அங்குலம் வெளியே நீளும், தள்ளினால் உள்ளே வரும். நீட்டிய நிலையில் என் அளவு 54 அங்குலம். சூப்பர் டூட்டி எனப்படும் பெரிய ஃபோர்டு வண்டிகளில் இந்த நீட்டலைப் பொத்தானை அழுத்தியே செய்யும் வசதியும் உண்டு. ராம் வண்டிகளின் டோயிங் கண்ணாடி வேறொரு வழியைப் பின்பற்றி வந்திருக்கிறது. படுத்த நிலையில் இருக்கும் கண்ணாடியை நிமிர்த்தி நிறுத்தினால் அது வெளியே தள்ளி நிற்கும்.

வாங்குவதில் கவனம் வேண்டிய இடம் ஒயரிங். 2015 முதல் 2020 வரையிலான எஃப்-150 வண்டிகளில் கதவுக்குள் கண்ணாடிக்கு வரும் கனெக்டர், அதாவது ஒயர்களை இணைக்கும் செருகி, ஊசி போன்ற உலோகப் பின்கள் எட்டைக் கொண்டதாகவோ 22 பின்களைக் கொண்டதாகவோ இருக்கும். எளிய வசதிகள் மட்டும் உள்ள வண்டிக்கு எட்டு. மறைவிட எச்சரிக்கை விளக்கு, தானே மடங்கும் வசதி, சுற்றுக் கேமரா போன்றவை உள்ள வண்டிக்கு 22. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. ஆண்டும் மாதிரியும் சரியாக இருக்கின்றன என்ற நம்பிக்கையில் வாங்கிவிட்டு, கதவைப் பிரித்தபின் செருகி பொருந்தாமல் திருப்பி அனுப்பியவர்கள் பலர். நானும் ஒருமுறை அப்படி அனுப்பினேன். முதலில் கதவின் உள்பலகையைக் கழற்றிப் பின்களை எண்ணிவிட்டு, பிறகு பணத்தைக் கட்டுங்கள். எண்ணும் வேலைக்கு அரை மணி நேரம் போதும்.

மறைவிட எச்சரிக்கையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இதில் பலருக்குத் தவறான எண்ணம் இருக்கிறது. கண்ணாடியை மாற்றினால் அந்த வசதியே போய்விடும் என்று அஞ்சுகிறார்கள். இவ்வண்டியில் பக்கத்துத் தடத்தைப் பார்க்கும் ராடார் உணரிகள் இருப்பது பின்விளக்குகளுக்குள். கண்ணாடியில் இருப்பது எச்சரிக்கை விளக்கு மட்டுமே. ஆகவே அந்த விளக்கோடு வரும் கண்ணாடியை வாங்கினால் ஒன்றும் இழக்க வேண்டியதில்லை. விளக்கில்லாத மலிவான மாற்றுக் கண்ணாடியை வாங்கினால், உணரி தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும், அதைச் சொல்வதற்குத்தான் விளக்கு இருக்காது. அசல் அல்லாத மாற்றுக் கண்ணாடிகள் அசலின் பாதி விலைக்கும் குறைவாகக் கிடைக்கின்றன. அவற்றில் ஒன்றையும் நான் ஒரு மாதம் வைத்திருந்தேன். கைகளின் சறுக்குத் தண்டவாளத்தில் இடைவெளி அதிகம் இருந்ததால், நீட்டிய நிலையில் நடுங்கியது. உள்ளே தள்ளினால் நடுக்கம் இல்லை. டிரெய்லருக்காக வாங்கிய கண்ணாடி டிரெய்லரோடு போகும்போது மட்டும் நடுங்கினால் அதனால் என்ன பயன் என்று கருதித் திருப்பிவிட்டேன். எல்லா மாற்றுக் கண்ணாடிகளும் இப்படித்தான் இருக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வந்தவுடன் கதவில் பூட்டும் முன்பே, முழுதாக நீட்டி, வெளி விளிம்பைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். கையில் தெரியும் அசைவு, 65 மைல் வேகத்தில் பலமடங்காகத் தெரியும்.

அசல் கண்ணாடிகள் இரண்டுக்கும் சேர்த்து எனக்கு ஆன செலவு 900 டாலரை நெருங்கியது. பொருத்தும் வேலையை நானே ஒரு சனிக்கிழமை முற்பகலில் முடித்தேன். கதவின் உள்பலகையைப் பிடித்திருக்கும் திருகுகளைக் கழற்றி, பலகையை மேல்நோக்கித் தூக்கி எடுத்து, கனெக்டரைப் பிரித்து, உள்ளிருந்து கண்ணாடியைப் பிடித்திருக்கும் நட்டுகளைக் கழற்ற வேண்டும். கடைசி நட்டைக் கழற்றும்போது வெளியே ஒருவர் கண்ணாடியைத் தாங்கிக்கொள்ளாவிட்டால் அது கதவின் பெயின்ட் மேல் விழும். என் மகள் அதைத் தாங்கிக்கொண்டு நின்றாள்.

பலன் என்ன என்பதை ஒரு பயணத்தைக் கொண்டு சொல்கிறேன். பால்மோரியாவிலிருந்து ஃபோர்ட் டேவிஸ் ஊருக்கு ஏறும் 17ஆம் எண் மாநிலச் சாலை இருபுறமும் பாறைகளுக்கிடையே வளைந்து செல்லும் இருவழிப் பாதை. ஒவ்வொரு வளைவிலும் டிரெய்லரின் உள்பக்கச் சக்கரம் வண்டியின் தடத்தைவிட உள்ளே வெட்டிக்கொண்டு வரும். அந்தச் சக்கரத்தையும் சாலையோரக் கோட்டையும் ஒரே பார்வையில் காட்டியது, கண்ணாடியின் கீழ்ப்பகுதியில் உள்ள குவி ஆடி. மேல்பகுதியின் சமதள ஆடி, பின்னால் சேர்ந்துவிட்ட கார்களின் வரிசையை நடுக்கமில்லாமல் காட்டியது. இடம் கிடைத்தபோது ஓரமாக ஒதுங்கி அவர்களுக்கு வழிவிட முடிந்தது. இதற்கு முன் எத்தனை பேரை அறியாமலேயே காக்க வைத்திருப்பேன் என்று அன்று நினைத்துக்கொண்டேன்.

இந்தச் சமதள ஆடிக்கும் குவி ஆடிக்கும் உள்ள உறவுதான் டோயிங் கண்ணாடியின் உயிர். பள்ளியில் படித்த பாடம்தான்: குவி ஆடி விரிந்த பரப்பைக் காட்டும், ஆனால் உருவத்தைச் சிறிதாக்கும், சிறிதாகத் தெரிவதை மனம் தொலைவில் இருப்பதாக எடுத்துக்கொள்ளும். அமெரிக்கக் கார்களின் வலப்பக்கக் கண்ணாடியில், தெரிவதைவிடப் பொருள்கள் அருகில் உள்ளன என்ற எச்சரிக்கை பொறித்திருப்பது இதனால்தான். கூட்டாட்சிப் பாதுகாப்புத் தரம் 111, பயணிகள் காரில் ஓட்டுநர் பக்கக் கண்ணாடி சமதளமாக இருக்க வேண்டும் என்றும், வலப்பக்கக் குவி ஆடியின் வளைவு ஆரம் 889 மில்லிமீட்டருக்குக் குறையாமலும் 1,651 மில்லிமீட்டருக்கு மிகாமலும் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. டிரெய்லர் இழுப்பவருக்கு இரண்டுமே வேண்டும். பின்னால் வருபவரின் வேகத்தையும் தொலைவையும் சமதள ஆடியில்தான் மதிப்பிட முடியும். டிரெய்லரின் இடுப்போடு ஒட்டி ஒரு சிறு கார் போய்க்கொண்டிருக்கிறதா என்பதைக் குவி ஆடிதான் சொல்லும். குறிப்பாக வலப்பக்கத்தில், கண்ணாடி நம் கண்ணிலிருந்து வெகுதூரத்தில் இருப்பதால், சமதள ஆடி காட்டும் பரப்பு மிகவும் குறுகிவிடுகிறது; அங்கே குவி ஆடி இல்லாமல் தடம் மாறுவது கண்ணை மூடிக்கொண்டு மாறுவதற்குச் சமம். முழுவதும் சமதளமாக மட்டுமே வரும் நீட்டிப்புகளை வாங்குபவர்கள், சில டாலர்களுக்குக் கிடைக்கும் ஒட்டுக் குவி ஆடியையாவது கீழ் மூலையில் ஒட்டிக்கொள்ள வேண்டும். முழுவதும் குவி ஆடியாக வருவதை நான் ஏற்க மாட்டேன்.

எவ்வளவு நல்ல கண்ணாடியானாலும் திருப்பி வைக்கும் முறை சரியில்லையென்றால் வாங்கியதே வீண். காலியான ஒரு வாகன நிறுத்தத்தில், வண்டியும் டிரெய்லரும் நேர்க்கோட்டில் நிற்கும்படி முன்னே ஓட்டி நிறுத்துங்கள். மேல் ஆடியின் உள் விளிம்பில் டிரெய்லர் சுவர் ஒரு விரற்கடை மட்டும் தெரிந்து, மிச்சமெல்லாம் சாலையாகத் தெரியும்படி திருப்புங்கள். அந்த விரற்கடைச் சுவர் இல்லாவிட்டால் எது எங்கே இருக்கிறது என்று கண்ணுக்கு ஓர் ஆதாரம் இருக்காது. கீழ் ஆடியில் டிரெய்லரின் சக்கரம் தரையைத் தொடும் இடமும், பக்கத்துத் தடத்தின் கோடும் தெரிய வேண்டும். பிறகு வீட்டில் ஒருவரை டிரெய்லரைச் சுற்றி மெதுவாக நடக்கச் சொல்லி, அவர் எங்கே மறைந்து எங்கே மீண்டும் தோன்றுகிறார் என்று இரு பக்கமும் பாருங்கள். என் மனைவி அப்படி நடந்த பத்து நிமிடத்தில் நான் கற்றுக்கொண்டது, பல நூறு மைல் ஓட்டிக் கற்றுக்கொண்டதைவிட அதிகம். டிரெய்லருக்கு நேர் பின்னால் அவர் நின்றபோது எந்தக் கண்ணாடியிலும் தெரியவில்லை. எந்தக் கண்ணாடியும் அதைக் காட்டாது. பின்னோக்கி ஓட்டும்போது டிரெய்லர் மடங்கத் தொடங்கியதும், ஒரு பக்கக் கண்ணாடி முழுவதும் சுவராகிவிடும், மறுபக்கம் வெறும் வெளியைக் காட்டும். அப்போது நிறுத்தி இறங்கிப் பார்ப்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

கேமரா இருக்கும்போது கண்ணாடி எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு சொல். 2018 மே முதல் அமெரிக்காவில் விற்பதற்காகத் தயாரிக்கப்படும் எல்லாப் புதிய இலகு வாகனங்களிலும் பின்பக்கக் கேமரா கட்டாயம். ஆனால் டிரெய்லர் பூட்டியபின் அந்தக் கேமரா காட்டுவது ஹிட்சையும் டிரெய்லரின் மூக்கையும் மட்டுமே. டிரெய்லரின் பின்சுவரில் தனிக் கேமரா ஒன்றை நாங்கள் பொருத்தியிருக்கிறோம். கண்ணாடிகள் காட்டாத அந்த நேர்ப்பின் இடத்துக்கு அது நல்ல துணை. மழையிலும் சேற்றிலும் அதன் விழி மங்கிவிடுவதை இரண்டு முறை கண்டபின், அதைத் துணையாக மட்டுமே வைத்திருக்கிறேன்.

வெளியே நீண்ட கண்ணாடிக்குச் செலுத்த வேண்டிய விலையும் உண்டு. இன்டர்ஸ்டேட் சாலையின் தடம் 12 அடி, அதாவது 144 அங்குலம். எங்கள் டிரெய்லர் நடுவில் போனால் இரு பக்கமும் 21 அங்குலம் மிஞ்சும். நீட்டிய கண்ணாடிக்கு மிஞ்சுவது 18 அங்குலம். வேலை நடக்கும் இடங்களில் சிமென்ட் தடுப்புகளுக்கிடையே தடம் குறுகிவிடும். இன்டர்ஸ்டேட் 35இல் போகிறவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். அங்கே டிரெய்லரைப் பற்றி மட்டும் யோசிக்காமல், அதற்கும் மூன்று அங்குலம் வெளியே நிற்கும் கண்ணாடியையும் சேர்த்தே இடத்தைக் கணக்கிட வேண்டும். டிரெய்லர் இல்லாத நாள்களில் கண்ணாடியை உள்ளே தள்ளிவிட்டாலும், பழைய கண்ணாடியைவிட அது அகலமாகவே நிற்கிறது. என் வீட்டுக் கராஜ் கதவுக்குள் நுழையும்போது மடக்கியே ஆக வேண்டும். தானியங்கிக் கழுவுமிடங்களுக்கு இப்போது நான் போவதில்லை. உயரமான கூடு காற்றைக் கிழிக்கும் ஒலியும் சற்றுக் கூடுதலாகக் கேட்கிறது. இடப்பக்கம் திரும்பும்போது, கூட்டின் உயரம் நடந்து கடப்பவரை ஒரு நொடி மறைக்கக்கூடும் என்பதையும் கவனித்தேன். தலையை முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்துவிட்டே இப்போது திரும்புகிறேன்.

எங்கள் நிலையில் இருப்பவர்களுக்கு, அதாவது 102 அங்குல டிரெய்லரை மாதம் ஒருமுறையாவது நெடுஞ்சாலையில் இழுப்பவர்களுக்கு, அசல் டோயிங் கண்ணாடியையே பரிந்துரைக்கிறேன். 900 டாலர் அதிகம் என்று தோன்றினால், விபத்துக்குள்ளான வண்டிகளை உடைத்து விற்கும் இடங்களில் அதே கண்ணாடி குறைந்த விலைக்குக் கிடைக்கிறதா என்று பாருங்கள், பின்களின் எண்ணிக்கையைக் கேட்டுக்கொண்டு. எட்டடி டிரெய்லரை எப்போதாவது இழுப்பவர்களுக்கு நழுவல் வகை போதும், அதையும் முதல் பயணத்துக்கு முன் ஒருமுறை வெறும் வண்டியில் பூட்டி 65 மைல் வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். பின்னால் வரும் காரின் விளக்குகள் இரண்டாக மட்டுமே தெரிந்தால் வைத்துக்கொள்ளுங்கள். நான்காகத் தெரிந்தால், கடையின் திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.